புத்திக்கால்

கணுக்காலை உடம்பில் யாரும் பெரிதாக நினைப்பதில்லை. முகத்துக்குப் பவுடர் பூசுகிறோம், தலைக்கு எண்ணெய் வைக்கிறோம். கணுக்காலில் கொலுசு போட்டாலும் பார்க்கிறவர்கள் கொலுசைத்தான் பார்க்கிறார்கள். அது நோக ஆரம்பித்த பிறகுதான், இத்தனை காலமும் யார் தலைமேல் ஏறி நின்றிருந்தோம் என்பது நமக்கு உறைக்கும்.

உங்களில் யாருக்காவது அந்த வலி இருந்தால், காலுக்கு ஒரு தலையணை வைத்து நீட்டிக்கொண்டு படியுங்கள். கொஞ்சம் வயிற்றைக் கலக்கும் கதை. அதனால் கூட ஒரு ஆள் வீட்டில் இருந்தால் நல்லது. அந்த ஆள் யார் என்பதும் முக்கியம். அது போகப் போகத் தெரியும்.

சேலம் அம்மாப்பேட்டையில் சுகந்தி ஒரு மெஸ் நடத்திவந்தாள். பல வருஷத்துக்கு முன்னால் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது உடைந்த சாக்கடை மூடிக்குள் வலது கால் போய்விட்டது. கணுக்கால் எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டார்கள், கூடிவிட்டது, மறந்தும்விட்டாள். ஆனால் கால் மறக்கவில்லை. அறுபதை நெருங்கும்போது மெதுவாக ஞாபகப்படுத்த ஆரம்பித்தது.

காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடிதான் மோசம். மூட்டுக்குள் யாரோ கண்ணாடித் தூளைக் கொட்டி வைத்த மாதிரி இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை போவதற்குள் நெற்றி வேர்த்துவிடும். அப்புறம் கொஞ்சம் இளகும். தோசைக்கல் முன்னால் நின்று நின்று மத்தியானத்துக்குள் வீங்கி, செருப்பு வார் சதையில் பதிந்து கிடக்கும். படி ஏறுவதைவிட இறங்குவது கொடுமை.

"என்னக்கா, ஒரு பக்கமாவே ஆடுறீங்க? டான்ஸ் கிளாஸ் போறீங்களா?" என்று வாடிக்கைக்காரப் பையன்கள் கிண்டல் செய்வார்கள்.

"ஆமாடா, உன் தோசை கருகற வரைக்கும் ஆடுவேன். உக்காரு பேசாம."

கல் உப்புப் போட்ட வெந்நீர், தைலம், இறுக்கிப் பிடிக்கும் கணுக்கால் உறை என்று எல்லாம் பார்த்தாள். மூட்டுக்குள் ஊசியும் போட்டுக்கொண்டாள். முதல் ஊசி ஒரு மழைக்காலம் தாங்கியது. அடுத்தது அதில் பாதிகூடத் தாங்கவில்லை.

கடைசியில் மகள் இதழினிதான் வந்து திருச்சிக்கு அழைத்துக்கொண்டு போனாள். சுகந்திக்கு ஒரே பெண். வயலூர் ரோட்டில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். கணவன் கவின். இருவருக்கும் ஒரே பக்கத்தில் ஆபீஸ். காலையில் ஒரே வண்டியில் போய்ச் சாயங்காலம் ஒரே வண்டியில் திரும்புவார்கள். அவர்களோடு கவினின் அம்மா வளர்மதி, சுகந்தியின் சம்பந்தி. அந்த வீட்டில் அவ்வளவு பேர்தான். இந்தக் கதையிலும் அவ்வளவு பேர்தான், ஒரு டாக்டரைத் தவிர.

டாக்டர் பானு எக்ஸ்ரே படத்தைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டினார்.

"இங்க பாருங்கம்மா. இந்த ரெண்டு எலும்புக்கும் நடுவுல ஒரு இடைவெளி தெரியணும். உங்களுக்கு அது இல்லை. எலும்பும் எலும்பும் உரசுது."

"அது படம் பாக்காமலே எனக்குத் தெரியும் டாக்டர். என்ன பண்ணலாம், அதைச் சொல்லுங்க."

"ஒண்ணும் பண்ணாமலும் இருக்கலாம். உயிருக்கு ஆபத்து கிடையாது. வலியைத் தாங்கிக்கிட்டு, உறை போட்டுக்கிட்டு, நடக்கிறதைக் குறைச்சுக்கிட்டு நிறையப் பேரு வாழறாங்க."

"அப்ப தோசை யாரு ஊத்துறது?"

டாக்டர் சிரித்தார். "சரி. ஆபரேஷன்னா முதல் வழி, ரெண்டு எலும்பையும் திருகாணி போட்டு ஒண்ணா ஒட்டிடறது. உரசறதுக்கு இடமே இருக்காது, வலி போயிடும். ஆனா கணுக்கால் மேல கீழ அசையாது. சமதரையில நடப்பீங்க. மேடு பள்ளத்துல, படியில சிரமம். பல வருஷம் கழிச்சுப் பக்கத்து மூட்டு தேயலாம். ரெண்டாவது, உலோக மூட்டு. அசையும், நடை இயற்கையா இருக்கும். ஆனா அது தேயற சாமான். ஒரு நாள் தளர்ந்துடுச்சுன்னா மறுபடி திறக்கணும்."

"மூணாவதைச் சொல்லுங்க டாக்டர்," என்றாள் இதழினி. அவள் எல்லாம் படித்துவிட்டு வந்திருந்தாள்.

"கற்கும் மூட்டு. புத்திக்கால்னு ஜனங்க சொல்றாங்களே, அதுதான். உலோக மூட்டு மாதிரியே, ஆனா உங்க கெண்டைக்கால் நரம்போட பேசும். நீங்க விழப்போறீங்கன்னா முன்னாடியே தெரிஞ்சுக்கும். காலை நிறுத்தும், இல்லாட்டி பின்னால இழுத்துக்கும். நீங்க நினைக்கிறதுக்கு முந்தியே."

"அதுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு காலுக்கு அடிபட்டா எல்லாக் காலுக்கும் தெரியும்மா. எங்கேயோ ஒரு படித்துறையில ஒருத்தர் பாசி வழுக்கி விழறார்னு வைங்க. மறுநாள் அந்த மூட்டு வச்ச யாரோட காலும் அந்தப் படியில பதறாம இறங்காது. பாதம் தரையில படும்போது அது தரையைக் கேட்டுக்கிட்டே இருக்கும். லாரி வருதா, நாய் ஓடி வருதா, மனுஷங்க வர்றாங்களா எல்லாம். ஒவ்வொருத்தர் காலடியும் ஒவ்வொரு மாதிரி, குரல் மாதிரி. பேரு தெரியாது. ஆனா இந்தக் காலடி கிட்ட வந்தப்பல்லாம் விழுந்தோம்னு தெரியும்."

சுகந்தி கூச்சத்தோடு கேட்டாள். "யாரு காலடின்னுகூட ஊருக்கெல்லாம் போயிருமா?"

"சேச்சே. படி, பள்ளம், பாசிதான் ஊருக்குப் போகும். ஆள் அடையாளம் வீட்டு வாசலைத் தாண்டாது. அதுவும் ஒரு தடவை யாரோ இடிச்சுட்டா உடனே அவங்களைச் சேர்த்துக்காது. திரும்பத் திரும்ப நடந்தாத்தான். ஆனா ஒரே வீட்டுல ரெண்டு மூட்டு இருந்தா, ரெண்டும் எல்லாத்தையும் பேசிக்கும்."

"எங்க வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு டாக்டர்," என்றாள் இதழினி பெருமையாக. "எங்க அத்தைக்கு வச்சிருக்கு. அம்மாவும் எங்ககூடத்தான் வந்து இருக்கப்போறாங்க."

"அப்ப ரொம்ப நல்லது. உங்க பாத்ரூம், மாடிப்படி எல்லாம் அந்தக் கால் படிச்சு வச்சிருக்கும். அம்மா வாசலுக்கு வந்ததும் அதையெல்லாம் இவங்க காலுக்குச் சொல்லிக்கொடுத்துடும்."

புத்திக்கால் வந்த பிறகு ஊர் கொஞ்சம் மாறித்தான் போயிருந்தது. கடைவீதியில் நல்ல தரையாகத் தெரியும் இடத்தில் நாலைந்து பேர் சேர்ந்தாற்போல் ஒதுங்கிப் போவார்கள். பார்த்தால் அங்கே கல் ஆடும். வீடு வாடகைக்குப் பார்க்க வருகிறவர்கள் புத்திக்கால் வைத்த ஒருவரைக் கூட்டி வருவார்கள். அவர் படியில் தயங்கினால் வீட்டுக்காரர் முகம் செத்துப்போகும். சம்பந்தம் பேசப் போகிறவர்கள்கூட அப்படிப்பட்ட ஒரு அத்தையை முன்னால் விட்டுப் பின்னால் போக ஆரம்பித்திருந்தார்கள். கால் எதைக் கண்டு தயங்கியது என்று யாருக்கும் தெரியாது. தயங்கியது என்பதே போதும். மூட்டு பாசியைத்தான் சொன்னது. ஜனங்கள் அதைச் சகுனமாக்கிக்கொண்டார்கள்.

எதற்கும் வைத்துக்கொண்டவரிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று சுகந்தி சேலம் திரும்பியதும் வளர்மதிக்குப் போன் போட்டாள்.

"நல்லா இருக்கீங்களா சம்பந்தி? கால் எப்படிங்க இருக்கு?"

"காலுக்கென்ன. வலியே கிடையாது."

"அப்ப நானும் அதையே வச்சுக்கலாங்களா?"

லைன் போய்விட்டதோ என்று சுகந்தி போனைப் பார்த்தாள்.

"ஒட்டிடுங்க சம்பந்தி," என்றார் வளர்மதி.

"என்னங்க?"

"எலும்பை ஒட்டறாங்களே, அதைப் பண்ணிக்குங்க. அது தேவல. உங்க ஊர்லயே இருந்துக்கிட்டு, உங்க மெஸ்ஸையும் பாத்துக்கலாம். இங்க எதுக்கு..." போனில் தூரத்தில் ஏதோ கதவுச் சத்தம் கேட்டது. "வச்சிடறேன் சம்பந்தி. அடுப்புல பால் இருக்கு."

சுகந்திக்கு மனசு சுருக்கென்றது. நாம் அங்கே போய் உட்கார்ந்துகொள்வது சம்பந்திக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மகளிடம் சொன்னதற்கு அவள் சிரித்தாள்.

"அத்தை அப்படித்தாம்மா. தனக்கு வேணும், அடுத்தவங்களுக்கு வேண்டாம். நீ அதையெல்லாம் காதுல போட்டுக்காதே. உனக்கு நல்லது எதுவோ அதைத்தான் நான் செய்வேன்."

அவள் சொன்னது பொய்யில்லை. தாய்மேல் அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு பாசம். இதை மறந்துவிடாதீர்கள், மேலே படிக்கும்போது மறக்கத் தோன்றும்.

மெஸ்ஸைத் தம்பி மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு சுகந்தி திருச்சி ஆஸ்பத்திரியில் படுத்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்து, கம்பியைப் பிடித்து நிற்க வைத்து, "ஒரு அடி வைங்கம்மா" என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தாள். வலி இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரை யாரோ சட்டென்று நிறுத்திவிட்ட மாதிரி ஒரு அமைதி. கட்டிலோரத்தில் உட்கார்ந்து அழுதாள். இதழினி அம்மாவின் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அவளும் அழுதாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை கால் எல்லோரிடமும் சாதுவாக இருந்தது. அதற்கு இன்னும் எந்த வீடும் தெரியாது அல்லவா?

வீட்டுக்கு அழைத்துப் போக கவின் வந்திருந்தான். இதழினி ஆரத்தி கரைத்து வைக்க முன்னாலேயே போய்விட்டாள். வண்டி வயலூர் ரோட்டு வீட்டின் முன் நின்று, சுகந்தி இறங்கி நின்றதும், கணுக்காலுக்குள் மெலிதாக ஒரு அதிர்வு வந்து அடங்கியது. சட்டைப் பையில் போன் துடிப்பது போல. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. வீட்டைப் படித்துக்கொள்கிறது.

கவின் ஒரு கையில் பையும் ஒரு கையில் மாமியாரின் முழங்கையுமாக வாசல் வரை கூட்டி வந்தான். உள்ளேயிருந்து ஆரத்தித் தட்டோடு இதழினி வேகமாக வந்தாள். மாமியார் வீட்டுக்கு முதன்முதலாகத் தங்க வரும் அம்மா. முகமெல்லாம் சந்தோஷம்.

"வலது காலை எடுத்து வச்சு வாம்மா!"

சுகந்தி வலது காலைத் தூக்கினாள். நிலைப்படிக்கு மேலே போன கால் அங்கேயே நின்றது. பிறகு, அவள் சொல்லாமலே, பின்னால் வந்தது. மறுபடி தூக்கினாள். மறுபடியும் பின்னால் இழுத்தது. சூடான தோசைக்கல்லில் விரல் பட்டால் எப்படி இழுத்துக்கொள்ளும், அப்படி.

"என்னங்கத்தை, வலிக்குதா?" என்றான் கவின் காதருகில்.

"இல்ல மாப்பிள்ளை. பழகல, அதான்." வெட்கத்தோடு இடது காலை உள்ளே வைத்து, வலது காலை இழுத்துக்கொண்டு நுழைந்தாள்.

"ஐயோ, இடது காலை வச்சுட்டியேம்மா!" இதழினியின் முகம் வாடிவிட்டது. பிறகு அம்மாவின் காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த வளர்மதி, "எந்தக் காலை வச்சா என்ன, வந்து உக்காருங்க சம்பந்தி," என்றார். தன் மருமகள் வந்த அன்று வலது காலைத்தான் எடுத்து வைக்கிறாளா என்று மூன்று தரம் சரிபார்த்த மனுஷி அவர். அவரும் சுகந்தியின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்கால வேளைகளில் சம்பந்திகள் இருவரும் கீழே கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பார்கள். வெளியே வண்டி வந்து நிற்கும். கதவு திறக்கும். கவினும் இதழினியும் பேசிக்கொண்டே உள்ளே வருவார்கள். அப்போது சுகந்தியின் வலது கால் நாற்காலிக்கு அடியில் ஓடி ஒளிந்துகொள்ளும். காலையில் இருவரும் சேர்ந்து மாடியிலிருந்து இறங்கும்போதும் அப்படியே. கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருக்கும்போது ஒன்றுமில்லை. பாதம் தரையில் இருந்தால்தானே அதற்குக் காது.

ஈரமான பாத்ரூம் தரையில் அந்தக் கால் பதவிசாக நடந்தது. மாடிப்படியில் பதறவில்லை. வீட்டில் அது பயந்தது அந்த இரண்டு காலடியில் ஒன்றுக்குத்தான். எதற்கு என்று சுகந்தி யோசித்தாள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த தாய்க்கு அந்த யோசனை எந்தப் பக்கம் போகும்? நீங்களே சொல்லுங்கள். பெண்ணைப் பெற்ற எல்லோரும் கல்யாணத்தன்று வாசலில் நின்று பயப்படும் பயம் ஒன்றுதானே. அந்த வீட்டு ஆண்பிள்ளையைத்தான் அவள் பார்க்க ஆரம்பித்தாள். அமைதியான பையன். அதிர்ந்து பேசமாட்டான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவான். இப்படிப்பட்டவர்கள்தான், என்று அவள் நெஞ்சு சொன்னது.

ஒருநாள் இருவரும் ஆபீஸ் போன பிறகு, வளர்மதிக்கு ரவிக்கை ஊக்கு மாட்ட முடியவில்லை என்று உதவப் போனாள். மேல்கையில், சதையை யாரோ இறுக்கிப் பிடித்த மாதிரி, விரல் விரலாகக் கன்றிப்போயிருந்தது. பழையது மஞ்சளாகவும் அதன்மேல் புதியது நீலமாகவும்.

"என்னங்க இது?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன்."

"புத்திக்கால் வச்சவங்க எப்படிங்க வழுக்குவாங்க?"

வளர்மதி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார்.

சுகந்தி அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "நான் கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. உங்க பையன் கை நீட்டுவாருங்களா?"

"ஐயோ, இல்ல! கவின் நல்ல பிள்ளை. இந்தக் கைமேல சத்தியமா ஒரு அடி அடிச்சதில்ல."

பெற்றவள், அப்படித்தானே சொல்வாள் என்று சுகந்தி நினைத்தாள். "என் பொண்ணு? அவளையும் அடிக்கிறாரா? மறைக்காம சொல்லுங்க. ஒத்தைப் பொண்ணு எனக்கு."

வளர்மதி அவளை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஆஸ்பத்திரியில் கெட்ட சேதியைத் தெரிந்துகொண்டு, இன்னும் தெரியாத சொந்தக்காரரைப் பார்ப்பார்களே, அப்படி இருந்தது.

"உங்க பொண்ணை இந்த வீட்டுல யாரும் தொட்டதில்ல சம்பந்தி. அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம். நீங்க சேலத்துக்கே போயிடுங்களேன். கால்தான் சரியாப் போச்சே."

போகத்தான் வேண்டும் என்று சுகந்தி அப்போதே முடிவு செய்தாள். ஆனால் தனியாக அல்ல. மகளையும் கூட்டிக்கொண்டு.

வாய்ப்பு சீக்கிரமே வந்தது. ஆபீஸ் வேலையாக கவின் சென்னைக்குக் கிளம்பினான். இதழினி அன்று லீவு. விடிந்து கொஞ்ச நேரத்தில் அவன் வந்து, "வர்றேன் அத்தை, மாத்திரையை மறந்துடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனான். சுகந்தி அப்போதுதான் எழுந்து, காலைத் தரையில் ஊன்றிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பி மறைந்தது.

இதுதான் நேரம். முகம் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். வளர்மதி நாற்காலியில் காபி டம்ளரோடு இருந்தார். காபி கொஞ்சம் தரையில் சிந்தியிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க, நான் துடைக்கிறேன்," என்று சொல்லிப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள் சுகந்தி. "பாப்பா எந்திரிச்சு வரட்டும். நான் அவளைச் சேலத்துக்குக் கூட்டிட்டுப் போறேன் சம்பந்தி. நீங்க கோவிச்சுக்கப்படாது. வேணும்னா நீங்களும் எங்ககூட வாங்க."

வளர்மதி வாயைத் திறந்தார். அதற்குள் மாடியில் கதவு திறந்தது.

ஒரே ஒரு ஆள் இறங்கி வரும் சத்தம். வெறுங்கால். கடகடவென்று, சின்ன வயசில் பள்ளிக்கூடம் விட்டு மெஸ்ஸுக்குள் ஓடி வருவாளே, அதே ஓட்டம். சுகந்திக்குத் தூக்கத்திலும் தெரிந்த காலடி.

அவளுடைய வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு பின்னால் போனது.

சுகந்தி குனிந்து பார்த்தாள். பக்கத்து நாற்காலிக்கு அடியிலும் ஒரு கால் பின்னால் போய்க்கொண்டிருந்தது. சுருக்கம் விழுந்த பாதம், வெடித்த குதிகால். இரண்டு கால்களும் சேர்ந்து, ஒரே வேகத்தில், சுவரை நோக்கி நகர்ந்தன.

"என்ன, சம்பந்திங்க ரெண்டு பேரும் காலையிலேயே ரகசியம் பேசறீங்க?" இதழினி சிரித்துக்கொண்டே கடைசிப் படியில் வந்து நின்றாள். பிறகு அவள் கண் தரையில் சிந்திய காபிக்குப் போனது. சிரிப்பு அப்படியே இருந்தது. குரல் மட்டும் மாறியது. "மறுபடியுமா அத்தை?"

வளர்மதி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா," என்றாள் சுகந்தி. "நீயா?"

இதழினிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அம்மாவின் காலைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நீ வாசல்ல இடது காலை வச்சப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சும்மா. நாலு நாள் தூங்கல நான்." வந்து எதிரே தரையில் உட்கார்ந்தாள். கண் கலங்கியது. நிஜமான கண்ணீர். "நான் கெட்டவ இல்லம்மா. உனக்குத் தெரியும்ல? காலையில எந்திரிச்சு சமைச்சு, ஆபீஸ்ல அவ்வளவு பேர்கிட்ட பேச்சு வாங்கி, திரும்பி வந்தா குழாய் திறந்து கிடக்கும், கேஸ் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். சொன்னா காதுல விழாத மாதிரி உக்காந்திருப்பாங்க. எனக்கு அப்படியே வந்துடும். எந்திரிங்கன்னு கையைப் பிடிச்சு இழுத்தேன். விழுந்துட்டாங்க."

"ஒரு தடவையில கால் கத்துக்காதுன்னு டாக்டர் சொன்னாங்களே, கண்ணு."

இதழினி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியே குப்பை வண்டியின் பாட்டு வந்து கடந்து போனது.

"நான் டாக்டர்கிட்ட பேசிட்டேன்," என்றாள். குரல் தெளிந்துவிட்டது. "புத்திக்கால் ஒத்துக்கலேன்னா எடுத்துட்டு எலும்பை ஒட்டிடலாமாம். உனக்கும் சரி, அத்தைக்கும் சரி. ரெண்டு பேருக்கும் சேர்த்தே பண்ணிடலாம். வலி இருக்காதும்மா. சமதரையில நல்லா நடக்கலாமாம். இந்த வீட்டுல என்ன மேடா பள்ளமா? அப்புறம் உன் கால் என்னைப் பாத்து இப்படிப் பண்ணாது. என்னால அதைப் பாக்க முடியலம்மா. நான் உன் பொண்ணு."

அவள் கேட்டதில் எவ்வளவு பாசம் இருந்தது என்று சுகந்திக்குத் தெரிந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. மாற்று மூட்டு, ஒட்டு, ஒன்றும் செய்யாமல் இருப்பது என்று முன்பு மனசுக்குள் போட்டுப் போட்டுப் பார்த்தவள், இப்போது மறுபடி அதே கணக்கில் வந்து நின்றாள். வலியை நிறுத்தும் வைத்தியம் ஒன்று. கால் சொல்வதை நிறுத்தும் வைத்தியம் ஒன்று.

"முதல்ல மாப்பிள்ளை வரட்டும்," என்றாள். "அவர்கிட்ட நான் சொல்லணும். அவர் அம்மா இது."

இதழினி அம்மாவை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"அவருக்குத் தெரியும்மா."

சுகந்தி வளர்மதியைத் திரும்பிப் பார்த்தாள். வளர்மதி காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

கவின். அமைதியான பையன். அதிர்ந்து பேசாதவன். வாசலில் அவன் அவளுடைய முழங்கையைப் பிடித்து நடத்தி வந்தபோது கால் பதறவில்லை. இன்று காலை கட்டிலருகே, அவள் பாதம் தரையில் இருக்க, அவன் வந்து நின்று விடைபெற்றான். அப்போதும் பதறவில்லை. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்துவிட்டு மாடிக்கே திரும்பிப் போகிறவர்களின் காலடியைப் புத்திக்கால் எதற்குக் கற்றுக்கொள்ளப்போகிறது? அவர்களால் யாரும் கீழே விழுவதில்லையே.

"சரி, அப்புறம் பேசிக்கலாம்." இதழினி எழுந்து புடவையை உதறினாள். "எந்திரிங்க அத்தை. துடைச்சுட்டு, குளிக்கணும். தண்ணி போட்டாச்சு."

வளர்மதி உடனே எழப் பார்த்தார். எழ முடியவில்லை. அவர் காலை ஊன்ற ஊன்ற, அது பின்னால் போய்ச் சுவரை முட்டிக்கொண்டு நின்றது. இடுப்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக அவர் நாற்காலியின் கையைப் பிடித்துத் தொங்கினார். "இதோ வந்துட்டேம்மா, இதோ," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு?"

இதழினியின் கை அந்த மேல்கையை நோக்கி நீண்டது.

சுகந்தி எழுந்துவிட்டாள். எழுந்த வேகத்தில் வலது கால் பின்னால் இழுத்தது. கெண்டைக்கால் சதை முழுதும் முறுக்கிக்கொண்டு, போகாதே போகாதே என்று இழுத்தது. இவ்வளவு பயத்தை அந்த மூட்டு எத்தனை நாளாக இன்னொருத்தியின் உடம்பிலிருந்து சேர்த்து வைத்திருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு நிமிஷம் அது இழுத்த பக்கமே போய்விடலாம் போல இருந்தது. சேலத்துக்கு. மெஸ்ஸுக்கு. ஒன்றும் தெரியாதவளாக.

இடது காலை எடுத்து முன்னால் வைத்தாள். வைத்து, உடம்பை அதன்மேல் சாய்த்து, நாற்காலிக்கும் மகளுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"தள்ளும்மா," என்றாள் இதழினி.

சுகந்தி தள்ளவில்லை.

பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் முந்தானையைப் பற்றிக்கொண்டது. முன்னால் அவள் பெற்ற பெண். தரையில் இதழினியின் அடுத்த அடி விழுந்தது.